ஏழாம் வித்து

ஏழாம் வித்து எஞ்சின்களையெல்லாம் திரும்ப வாங்கி அழித்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது குகன் காபி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தான். அதில் சர்க்கரையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"குகன், உங்க பிரிவு என்ன சொல்லுது?" ஆலைத் தலைவர் வரதன் கேட்டார்.

"எஞ்சின் நிக்குது சார். ஏன்னு தெரியலை."

"மூணு மாசமா இதத்தான் சொல்றீங்க."

"மூணு மாசமாத் தெரியலை சார்."

யாரோ சிரித்தார்கள். வரதன் சிரிக்கவில்லை. அதுவரை நின்ற வண்டிகள் தெரு ஓரமாக, யாருக்கும் சேதமில்லாமல் நின்றவை. போன வாரம் வண்டலூர் மேம்பாலத்தில் ஒரு டாக்சி நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் மோதி, உள்ளே இருந்த ஆசிரியை ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"அடுத்த திங்கள் வரைக்கும் டைம். காரணம் கிடைச்சா சரி பண்ணுவோம். கிடைக்கலைன்னா ஏழு கிடையாது. எஞ்சின் மட்டும் இல்லை, வித்தையும் சேத்துதான் சொல்றேன். லேப்ல ஒரு செல்கூட இருக்கக் கூடாது."

குகன் தலையாட்டினான். அந்த வித்து அவன் மனைவி. அறையில் இருந்தவர்களில் அவனைத் தவிர ஒருவருக்குத்தான் இது தெரியும்.

கார் எஞ்சினின் கதையைக் குகன் ஒவ்வொரு ஆண்டும் ஒரகடம் ஆலையில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குச் சொல்வது வழக்கம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். முதலில் முப்பத்தேழு குதிரைத்திறன். அந்தக் காரில் நால்வர் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கொண்டை ஊசி வளைவில் ஏசியை அணைக்க வேண்டும். அப்படியும் ஏறவில்லை என்றால் குண்டாக இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். பிறகு பெட்ரோலைக் கணினி அளந்து கொடுத்தது, எண்பது ஆயிற்று. அதன்பின் வெளியே போகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றி, கூடுதல் காற்றை உள்ளே திணித்தார்கள். நான்கு சிலிண்டரின் வேலையை மூன்று செய்தது. நூற்றிருபது. அப்புறம் சிலிண்டரே போய் மின்மோட்டார் வந்தது. இருநூறு, முந்நூறு, ஐந்நூறு. தெருமுனைக்குக் கீரை வாங்கப் போகிறவர்கள் ஐந்நூறு குதிரைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேட்டரிக்கான உலோகம் கிடைப்பது அரிதாகி, ஒரு பேட்டரியின் விலை ஒரு வீட்டின் விலையைத் தொட்டபோது அந்த ஓட்டம் நின்றது.

"அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

"அப்புறம் நாம" என்பான் குகன்.

அப்புறம் தசை. அதிலும் இதயத் தசை. உடம்பில் ஓய்வே கேட்காத தசை அதுதான். இறந்தவர் ஒருவரின் தோலில் நகத்தளவு எடுத்து, அதை இதயச் செல்லாக மாற்றி வளர்த்து, மெல்லிய பட்டைகளாக ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒரு தண்டைச் சுற்றி இழுக்க வைத்தார்கள். சர்க்கரையும் உப்பும் கலந்த ஊட்டம் ஊற்றினால் ஓடும். புகை கிடையாது, சத்தம் கிடையாது, சிறு காயம் பட்டால் தானே ஆறிவிடும். ஆனால் அறுபது குதிரைத்திறன்தான். எஞ்சின் என்ற ஒன்று தோன்றிய நாளிலிருந்து ஏறிக்கொண்டே வந்த எண் முதல்முறையாக இறங்கியது. ‘போதுமான திறன்’ என்று விளம்பரம் செய்தார்கள். வேறு வழியில்லாததால் மக்களும் போதும் என்றார்கள். செத்தவர் இதயம் ஓட்டும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தலாமா என்று கொஞ்ச காலம் சண்டை நடந்தது. வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் அதுவும் ஓய்ந்தது.

ஒருவரின் தோலிலிருந்து பெருகும் செல்கள் அத்தனையும் ஒரு வித்து. ஆலையில் பத்து வித்துகள் இருந்தன. எண் மட்டும்தான். பெயர் கிடையாது.

மூன்று வருடம் முன்பு, மனைவி உமையாள் இறந்த அன்று, ஆஸ்பத்திரி நடைவழியில் ஜமீலா அவனிடம் வந்து நின்றார். ஆலையின் செல் ஆய்வகத்துக்குத் தலைவர். அதிகம் பேசிப் பழக்கமில்லை.

"கண்ணு குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க குகன். தோல் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"எஞ்சினுக்கு."

"எடுத்துக்கங்க."

அன்றைக்கு அவனிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பான்.

உமையாள் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் வெறும் தண்ணீரில் விரதம் இருந்தாள். ஏழாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. பால்காரர். கட்டிலிலிருந்து திடுக்கிட்டு எழுந்தவள் இரண்டடி வைத்து விழுந்தாள். வயது முப்பது. இதயம் நின்றுவிட்டது, ஏன் என்று தெரியவில்லை என்றார்கள் மருத்துவர்கள். இதயத்தைப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லையாம். மகள் தளிருக்கு அப்போது மூன்று வயது.

அந்தத் தோலிலிருந்து வந்த ஏழாம் வித்து மற்ற எல்லாவற்றையும் முந்தியது. எழுபத்து நான்கு குதிரைத்திறன். ஏன் அப்படி என்று யாருக்கும் புரியவில்லை. நாட்டிலேயே வலுவான எஞ்சின். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திறக்க அவனைக் கூப்பிடுகிறவள் உமையாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குகன் சோதனைக் கூடத்துக்குப் போவான். ஏழாம் எண் எஞ்சினின் உறைமேல் உள்ளங்கையை வைப்பான். உடம்புச் சூடு. உள்ளே சீரான துடிப்பு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குத் திரும்புவான். அழுகை வராது. எதுவும் வராது. கூட்டம் முடிந்த அன்றும் அப்படித்தான் நின்றான். ஜமீலா பின்னால் வந்தார்.

"வரதன் கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க? இது என் சம்சாரம், ரோட்ல நின்னாலும் பொறுத்துக்குங்கன்னா?"

ஜமீலாவும் உறைமேல் கை வைத்துப் பார்த்தார்.

"எப்படி அழிப்பாங்க?" என்று கேட்டான்.

"வெந்நீர் ஊத்துவோம். ஒரு நிமிஷந்தான்."

"சரி" என்றான் குகன். "திங்கக்கிழமை வரைக்கும் இருக்குல்ல?"

வண்டலூர் டாக்சி நிறுத்தத்தில் பச்சையப்பன் அவனைக் கண்டதும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். மேம்பாலத்தில் நின்ற வண்டி அவருடையது. நெற்றியில் தையல் போட்ட இடத்துக்கு மேலேயே விபூதி பூசியிருந்தார்.

"கம்பெனி சாரா? வா சார். என் வண்டி எப்போ கெடைக்கும்? சும்மா வூட்ல குந்திக்கினு இருந்தா பொண்டாட்டி காய் நறுக்கச் சொல்றா."

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு மறுபடி சொல்லுங்க."

"எத்தினி வாட்டி சொல்றது? சவாரி ஏத்துனேன். பாலத்துல ஏறுனேன். முன்னாடி பஸ்ஸு நின்னுச்சு, நானும் நின்னேன். பஸ்ஸு எடுத்தான். பின்னாடி வேன்காரன் காதுகிட்ட பாம்னு அடிச்சான். அவன் அடிச்ச அடில நான் ஏறி மிதிச்சேன். கோயி அறுத்தாப்புல வண்டி ஒரு துடி துடிச்சுது. அவ்ளோதான்."

"ஊட்டம் இருந்துதா?"

"ஃபுல்லு சார். காலைலதான் ரொப்புனேன்."

இதுவும் தெரிந்ததுதான். நின்ற எல்லா வண்டியிலும் தொட்டி நிறைந்தே இருந்தது. குகன் கிளம்பத் திரும்பினான். பிறகு ஏதோ தோன்றி நின்றான்.

"காலைல ரொப்பினீங்கன்னா, அதுக்கு முன்னாடி நாள்?"

பச்சையப்பன் பக்கத்தில் நின்ற டிரைவர்களைப் பார்த்தார்.

"முன்னாடி நாள் கிருத்திகை சார். வெரதம்."

"உங்களுக்கா?"

"எனுக்குந்தான்."

குகனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"எஞ்சினுக்கு விரதமா?"

"பின்ன? அதுக்கு உயிர் கீதுன்னு நாலு மாசம் முன்னாடி நீங்கதான டிவில சொன்னீங்க? நான் ஒரு நாள் பூரா பட்னி கெடக்கேன், அது மட்டும் சக்கரத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? இருக்கறத வடிச்சிட்டு வெறும் தண்ணி ஊத்திடுவோம். அன்னிக்கு சவாரியும் போவ மாட்டோம். மறுநாள் குளிச்சிட்டு வந்து ரொப்பிடறது."

"எல்லாருமா?"

"நான் கிருத்திகை இல்லை சார்" என்றார் வேறொரு டிரைவர், அந்தோணி. "தவக்காலத்துல வெள்ளிக்கிழமை மட்டும். என் வண்டி ஒரு நாளும் நின்னதில்ல."

"உன் வண்டி மூணாம் நம்பர்டா. அதுக்குப் பசியே தெரியாது, உன்ன மாதிரியே" என்றார் பச்சையப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

குகனும் சிரித்தான். ஆலையில் இருக்கும் அத்தனை பொறியாளர்களும் அதிர்வு, வெப்பம், ஈரப்பதம், பள்ளம் மேடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். எஞ்சின் விரதம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரும் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி நான்கு இட்லி தின்றான். பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டான். காரணம் கிடைத்துவிட்டது. வண்டிக்குள் ஓர் எச்சரிக்கை ஒட்டினால் போதும். உமையாள் ஓடிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை மூன்று எஞ்சின்களிலிருந்து ஊட்டத்தை வடித்துவிட்டு வெறும் நீர் ஊற்றினார்கள். மூன்றாம் வித்து, ஐந்தாம் வித்து, ஏழாம் வித்து. ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு, அடுத்த நாள் ஊட்டம் நிரப்பினார்கள். மதியம் ஜமீலாவும் வந்து சேர்ந்துகொண்டார். குகன் மூன்றுக்கும் ஒரே மாதிரி ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினான்.

மூன்றாவது வேகமெடுத்தது. ஐந்தாவதும். ஏழாவது ஒரு துடிப்பைத் தவறவிட்டது. திரையில் கோடு உயர்ந்து, முறுக்கிக்கொண்டு, குழந்தை கிறுக்கியதுபோல் ஆகி, நேர்கோடாகப் படுத்தது. குகன் மின் அதிர்வுக்கான பொத்தானைத் தட்டினான். மறுபடி துடித்தது.

"பட்டினி போட்டா மட்டுந்தான் வருது. வரதன் கிட்ட சொல்லிரலாம்" என்றான்.

ஜமீலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குகன், உமையாள் எப்படிப் போனாங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"தெரியுமே உங்களுக்கு."

"சொல்லுங்க."

"சஷ்டி. ஆறு நாள் தண்ணிதான். காலைல பெல் அடிச்சுது, திடுக்குன்னு எழுந்தா..."

பாதியில் நிறுத்தினான்.

"ஒவ்வொரு துடிப்பு முடிஞ்சதும் செல் ஒரு கதவைத் திறந்து உப்பை வெளிய விடணும்" என்றார் ஜமீலா. மெதுவாகத்தான் பேசினார். "பொட்டாசியம். அது வெளிய போனாத்தான் அடுத்த துடிப்புக்குத் தயார். இந்த வித்துல அந்தக் கதவு கொஞ்சம் தாமதமாத் திறக்குது. அதனால ஒவ்வொரு இழுப்பும் ஒரு இம்மி கூடுதலா நீடிக்குது. நாம கொண்டாடின எழுபத்து நாலு இதுதான்."

"கோளாறா?"

"கோளாறுதான். நல்லா சாப்பிட்டா வெளியவே தெரியாது. பட்டினில குறையற உப்பு, மறுநாள் ஊட்டம் ஊத்தினாலும் உடனே ஏறிடாது. அந்த நேரம் பாத்து திடீர்னு ஒரு உந்துதல் வந்தா தாளம் தப்பிரும். எஞ்சினுக்கு ஆக்சிலரேட்டர். அவங்களுக்குப் பெல். வெளிய இருந்து இதயத்தைப் பாத்தா எப்படித் தெரியும்? செல்லுக்குள்ள இருக்கு. நானும் பாத்திருக்கணும். பவர் கூட வருதுன்னு சந்தோஷத்துல யாரும் ஏன்னு தோண்டலை."

குகன் எஞ்சினைப் பார்த்தான். இரண்டு வருடமாகக் கையை வைத்துக்கொண்டு நின்ற இடம் அது.

"இது பிறவில வர்றது குகன்" என்றார் ஜமீலா. "பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

தளிருக்கு முந்தாநாள் இரவிலிருந்து வாந்தி. நேற்று முழுக்கக் கஞ்சித் தண்ணீர்தான். இன்று காலை வாந்தி நின்றிருந்தது. இட்லி வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். ஆலையில் சோதனை இருக்கிறதே என்று அவளைப் படப்பையில் இருக்கும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். பள்ளி விடுகிற நேரம். பள்ளிக் கூரையில் கட்டியிருக்கும் மின்சார மணி தெருக்கோடி வரை கேட்கும். அதன் நேர் கீழேதான் ஒன்றாம் வகுப்பு.

பள்ளிக்குப் போன் செய்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஓடிப்போய்க் காரில் ஏறினான். ஆலை ஊழியர்களுக்குத் தந்த கார். ஏழாம் வித்து. அதற்கு வேளா வேளைக்கு ஊட்டம் போயிருந்தது, எவ்வளவு மிதித்தாலும் தாங்கும். அது அவனுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. மிதியின்மேல் வைத்த கால் அழுந்த மறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். வண்டி நகர்ந்தது. பின்னால் ஆறேழு வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"யோவ், வண்டி ஓட்றியா, தாலாட்டறியா?"

குகன் அவனுக்கு வழிவிட்டான். ஓங்கி மிதிக்கவில்லை. நடு வழியில் நின்றுவிட்டால் போய்ச் சேர முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது மட்டும் காரணமில்லை.

பள்ளி வாசலில் காவலாளி மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, மணி அடிக்காதீங்க."

"ஏன் சார்?"

"ஒரு புள்ளைக்கு உடம்பு சரியில்லை. சத்தம் ஆகாது."

"அப்ப அந்தப் புள்ளைய மொதல்ல கூட்டினு போங்க. மத்த புள்ளைங்கள எதுக்கு உள்ள அடைச்சு வெக்கணும்? ஒரு நிமிஷம் லேட்டானா டீச்சருங்களே என்னைக் கடிச்சிருவாங்க."

"ரெண்டே நிமிஷம் அண்ணே. நான் போய்..."

குகன் பொத்தானை மறைத்துக் கையை நீட்டினான். காவலாளி அந்தக் கைக்கு அடியில் தன் கையைவிட்டு அழுத்தினார்.

மணி அடித்தது. குகன் ஓடினான். எதிரே பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். பைகள் இடித்தன. ஒருத்தி அவன் காலை மிதித்துவிட்டு "சாரி அங்கிள்" என்றாள். ஒன்றாம் வகுப்பின் வாசல் காலியாகும் வரை அவனால் உள்ளே நுழைய முடியவில்லை.

கடைசியாகத் தளிர் வந்தாள். தண்ணீர்ப் பாட்டிலின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் செருப்பு.

"வார் அறுந்துபோச்சுப்பா. நீ ஏன் இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?"

குகன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"அப்பா, பேன்ட் அழுக்காகுது."

"ஆகட்டும்."

"எனக்குப் பசிக்குது."

எதிர்க் கடையில் வாழைப்பழம் வாங்கினான். தளிர் இரண்டு பழம் தின்று, மூன்றாவதைப் பாதி கடித்து அவனிடம் கொடுத்தாள். அதைத் தின்றான். பிறகு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"இருக்கு" என்றார் குழந்தைகள் இதய மருத்துவர். வரைபடத் தாளில் ஒரு வளைவுமேல் பேனாவை வைத்துக் காட்டினார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இங்க பாருங்க. இது தெரியாம இருக்கறதுதான் ஆபத்து. தெரிஞ்சாச்சு. தினம் ஒரு மாத்திரை. பட்டினி கிடக்கக் கூடாது. வாந்தி பேதின்னா உடனே வந்துரணும். வீட்ல காலிங்பெல், அலாரம் எல்லாத்தையும் கழட்டிருங்க. ஸ்கூல்லயும் நான் சொல்றேன். கெழவியாகற வரைக்கும் இருப்பா."

"இருப்பாளா?"

"இருப்பா. உங்களைத் திட்டற அளவுக்கு இருப்பா."

குகன் நாற்காலியில் சாய்ந்தான். எங்கோ இறுகிக் கிடந்த ஒன்று தளர்ந்தது. அது இறுகிக் கிடந்ததே அதுவரை அவனுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் மருத்துவர். "மூணு வகை மாத்திரை இருக்கு. ஒருத்தருக்குப் பிடிக்கறது இன்னொருத்தருக்குப் பிடிக்காது. சில பேருக்கு ஒண்ணு ரெண்டு கெடுதலும் பண்ணும். அட்மிட் பண்ணி, ஒண்ணொண்ணாக் குடுத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"குடுத்துப் பாக்கறதுன்னா, அவ மேலயா?"

"வேற யார் மேல பாக்கறது?"

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குகன் எல்லாவற்றையும் சொன்னான். கிருத்திகை, வெறும் தண்ணீர், ஆக்சிலரேட்டர். வரதன் வெகு நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரியாப்போச்சு. ‘எஞ்சினைப் பட்டினி போடாதீர்’னு ஒட்டிருவோம். ஏழு பொழைச்சுது."

"வேணாம் சார். ஏழை எடுத்துரலாம்."

வரதன் நிமிர்ந்தார். "நீங்கதான மூணு மாசமா அதைக் காப்பாத்தணும்னு நின்னீங்க?"

"ஒட்டினதை யாரும் படிக்க மாட்டாங்க சார். கம்பெனி சொல்லுதுன்னு சாமி காரியத்தை விடவும் மாட்டாங்க. இன்னொருத்தர் இடுப்பு உடையும். இல்லைன்னா கழுத்து." ஜமீலாவைப் பார்த்தான். "லேப்ல மட்டும் ஒரு தட்டு வச்சுக்கணும்."

"ஒரு செல்கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"ஒரு தட்டு சார்."

"எதுக்கு?"

குகன் சொன்னான். நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். வரதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏழு இன்னியோட கிடையாது" என்றார். "லேப்ல இருக்கற தட்டையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லை." எழுந்து போய்விட்டார்.

எஞ்சின் மாற்றுகிற நாளில் வண்டலூர் டிரைவர்கள் கழற்றி வைத்த எஞ்சின்களுக்கு மாலை போட்டார்கள். பச்சையப்பன் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்.

"யாரோ பெத்த புள்ளைங்க சார். நம்மள ரெண்டு வருஷம் தூக்கிச் சுமந்துதுங்க. சும்மா அனுப்ப முடியுமா?"

"முடியாது" என்றான் குகன். கைகூப்பி அவர்களோடு நின்றான். யார் என்று சொல்லவில்லை. ஆலைக்கு வந்து வெந்நீர் ஊற்றியபோதும் அங்கேயே நின்றான். தாங்க முடியாது என்று நினைத்திருந்தான். தாங்க முடிந்தது. கடைசி எஞ்சினும் அடங்கியபோது, நெடுந்தூரம் சுமந்து வந்த மூட்டையை யாரோ தோளிலிருந்து வாங்கி இறக்கியதுபோல் இருந்தது.

ஜமீலாவின் ஆய்வகத்தில் இருந்த கண்ணாடித் தட்டு தளிரின் உள்ளங்கை அளவு. அடியில் மெல்லிய படலம். பால் காயும்போது படியும் ஆடைபோல, அதைவிட மெல்லியது. உற்றுப் பார்த்தால் மட்டும் துடிப்பு தெரிந்தது. ஒரு கொசுவைத் தூக்கக்கூட அதற்கு வலு போதாது.

மூன்று நாள் சோதித்தார்கள். ஊட்டத்தில் உப்பைக் குறைத்து, மருந்தை விட்டு, பிறகு திடுக்கிடும்போது உடம்பில் ஊறுகிற சுரப்பு நீரில் ஒரு சொட்டு. முதல் மருந்தில் படலம் தடுமாறிச் சுருண்டது. ஜமீலா உடனே கழுவி, உப்பு கொடுத்து அதை மீட்டார். இரண்டாவது மருந்தில் துடிப்பு இன்னும் மோசமாயிற்று. குகன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்த மருந்தை முதலில் தளிருக்குக் கொடுத்திருந்தால் என்று நினைத்தான், அதற்கு மேல் நினைக்கவில்லை.

மூன்றாவது மருந்தை மூன்றாம் நாள் காலையில் விட்டார்கள். சுரப்பு நீர் ஒரு சொட்டு விழுந்தது. துடிப்பு வேகமெடுத்தது. தாளம் தப்பவில்லை. இரண்டாவது சொட்டு. தப்பவில்லை. ஜமீலா பொறுமையிழந்து சொட்டுக் குழாயைத் தட்டில் அப்படியே கவிழ்த்தார். படலம் துள்ளியது, துள்ளியது, கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது.

"இதுதான்" என்றார் ஜமீலா. "டாக்டர் கிட்ட இதையே எழுதச் சொல்லுங்க."

அன்று மாலை தளிர் மாத்திரையை நாக்கு நுனியில் வைத்து, முகத்தைச் சுளித்து, உடனே எடுத்துவிட்டாள்.

"கசக்குது. எனக்கு வேணாம்."

"அம்மா சாப்பிட்டுப் பாத்துட்டா" என்றான் குகன். "உனக்கு இதுதான் நல்லதுன்னு சொல்லிட்டா."

"எப்ப?"

"இன்னிக்குக் காலைல."

தளிர் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிறானா என்று பார்க்கிற பார்வை. இல்லை என்று அவளாகவே முடிவுக்கு வந்ததுபோலத் தெரிந்தது.

"அம்மாவுக்குக் கசக்கலையாமா?"

"கேக்க மறந்துட்டேன்."

"நாளைக்குக் கேளு" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

"சரி, கேக்கறேன்" என்றான் குகன்.